தலையணைக்குள்ள பொரி உருண்டை

ஒரு ஊர்ல ஒரு வடிவு இருந்தா. வடிவுக்கு தணிகாசலம்னு ஒரு புருஷன், குயிலின்னு உன் வயசுல ஒரு பொண்ணு. ம் கொட்டு. கொட்டினாத்தான் கதை நகரும்.

"ம்."

வடிவு வச்சா குழம்பு மணக்கும், ரசம் தெருவுக்கே மணக்கும். பொரி உருண்டை மட்டும் அவளுக்கு வரவே வராது. வெல்லப்பாகை அடுப்புல வச்சுட்டு பக்கத்து வீட்ல பேசப் போயிடுவா. பாகு முத்திடும். உருண்டை பிடிச்சா கருங்கல்லுதான். தணிகாசலம் ஒவ்வொரு கார்த்திகைக்கும் சுத்தியல் எங்கேன்னு கேப்பான். எல்லாரும் சிரிப்பாங்க, அவளும் சிரிப்பா. உள்ளுக்குள்ள வருத்தம்தான். ஒரே ஒரு ஆளாவது ருசிச்சுத் தின்னா போதும்னு இருந்தா.

அப்போ ஒரு ஜூவுல, குடும்பத்தோட வந்து ஒரு ராத்திரி கூடாரத்துல படுக்கலாம்னாங்க. விடிஞ்சதும் குட்டியானைக்குப் பிள்ளைங்களே தண்ணி ஊத்தலாமாம். அதைக் கேட்ட அன்னைக்குக் கையில எடுத்த வாளியைக் குயிலி கீழ வைக்கல. தூக்கத்துலயும் வாளிதான்.

அப்புறம் போனாங்க. வாசல்ல காவக்காரர் காத்தமுத்து நின்னார். மீசை பெருசு, குரல் அதைவிடப் பெருசு. "திங்கிற சாமானெல்லாம் இங்க குடுத்துடணும். வாசனைக்கு மிருகம் தவிக்கும். கூடாரத்துல ஏதாச்சும் இருந்துச்சுன்னா அந்த நிமிஷமே வெளிய. யானையும் கிடையாது, குளிப்பாட்டலும் கிடையாது."

வடிவு புளிசாதத்தைக் குடுத்தா. சிப்ஸைக் குடுத்தா. வழிக்குன்னு பிடிச்சு எடுத்துட்டு வந்த பொரி உருண்டையை மட்டும் குடுக்கல. ராத்திரி பிள்ளைக்குப் பசிச்சா என்ன பண்றதாம்? ஒண்ணும் கட்டிக்காம வெளியூர் போற அம்மா நம்ம பக்கம் உண்டா? தலையணை உறைக்குள்ள பஞ்சோட பஞ்சா திணிச்சுட்டா. கேக்குறியா, இல்ல நான் செவுத்துக்கிட்ட சொல்றேனா?

"ம்."

ராத்திரி ஆச்சு. தணிகாசலம் அப்பாடான்னு தலையைச் சாச்சான். ணங்குன்னுச்சு. தூரத்துலேர்ந்து காத்தமுத்து, "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லண்ணே. இவருக்குத் தலை கொஞ்சம் கனம்."

அப்புறம் தணிகாசலம் உறைக்குள்ள கையை விட்டு, ஒண்ணை எடுத்து வாயில வச்சான். கடக். "வடிவு, பல்லு ஆடுது." டார்ச் வெளிச்சம் கிட்ட வந்துச்சு. "என்ன சத்தம்?"

"தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாருண்ணே." தணிகாசலம் உடனே கொர்ர்ருன்னு குறட்டை விட்டான். நல்ல புருஷன்.

அப்புறம் அந்த உருண்டை அவன் கையை விட்டு நழுவி, கடகடகடன்னு கூடாரத்துக்கு வெளிய உருண்டுது. வடிவு மூச்சைப் பிடிச்சுக்கிட்டா. யாரும் என்ன சத்தம்னு கேக்கல. உஸ்ஸ்... நறுக், நறுக், நறுக். வெளிய யாரோ திங்கிறாங்க. பல்லு ஆடாம திங்கிறாங்க. அப்புறம் துணிக்கு அடியில நீளமா ஒண்ணு நுழைஞ்சு தலையணையைத் தடவுச்சு.

"யானையா?"

நீ இன்னும் தூங்கலையா? யானைதான். குட்டியானை மல்லி. கொட்டடித் தாழ்ப்பாளைத் தள்ளிட்டு, வெல்ல வாசனை பிடிச்சு வந்திருக்கா.

அப்போ பீப்பீன்னு விசில். "மல்லியைக் காணோம்"னு கத்திக்கிட்டு ஓடி வராங்க. மல்லி பயந்துபோய் திடுதிடுன்னு பெரிய வாசலைப் பாத்து ஓடுறா. வாசலுக்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்ல லாரி. காத்தமுத்து கரும்பைக் காட்டினார், பாக்கல. வாழைத்தாரைத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடினார், திரும்பல.

வடிவு தலையணையைப் பாத்தா. குயிலியைப் பாத்தா. அது வாளியைக் கட்டிக்கிட்டுத் தூங்குது. தலையணையை வெளிய எடுத்தா பிள்ளையோட ஆசை போச்சு. எடுக்கலைன்னா மல்லி போச்சு. ரோட்ல பாம்ம்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு லாரி போச்சு. அவளுக்குப் பொறுக்கல, தலையணையைத் தூக்கிக்கிட்டு ஓடினா.

"மல்லி, இந்தா."

மல்லி நின்னா. நறுக். வடிவு பின்னாடி நகந்தா, ஒண்ணு குடுத்தா. இன்னும் நகந்தா, இன்னொண்ணு. இப்படியே கொட்டடி வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டா. தாய் யானை மகளை இழுத்து வயித்துக்கடியில வச்சுக்கிச்சு.

காத்தமுத்து மூச்சு வாங்க வந்தார். "யம்மா, தலையணைக்குள்ள என்ன?"

"பொரி உருண்டைண்ணே. தப்பு என்னோடதுதான். நானும் இவரும் வெளிய போயிடுறோம். பிள்ளை மட்டும் விடிஞ்சதும் ஒரு வாளி ஊத்திக்கட்டும்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துடுச்சு.

காத்தமுத்து தலையணையை வாங்கிக் கவுத்து உதறினார். பஞ்சுதான் விழுந்துச்சு, உருண்டையெல்லாம் மல்லி வயித்துல. "திங்கிற சாமான் இருந்தாத்தான் வெளிய அனுப்பணும். இதுல பஞ்சுல்ல இருக்கு. போய்ப் படுங்க." நாலடி போயிட்டுத் திரும்பினார். "தாழ்ப்பாளைச் சரியாப் போடாதது நான்தான். அதையும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ம் வரலையே. இருக்கியா?

"...ம்."

விடிஞ்சுது. குயிலி சளசளன்னு தண்ணி ஊத்தினா. மல்லி சமத்தா நின்னா. குளிச்சு முடிச்சதும் நேரா வடிவுகிட்ட வந்தா. கையை மோந்தா, முந்தானையை மோந்தா, இடுப்பைத் தடவினா. ஒண்ணுமில்ல. கோவம் வந்துடுச்சு. தும்பிக்கை நிறையத் தண்ணியை உறிஞ்சி வடிவு மேல புஸ்ஸ்ஸ்னு விட்டா.

வடிவு சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு, "பாத்தீங்களா, இன்னும் வேணும்னு கேக்குது"ன்னா. மூஞ்சி பூரா சந்தோஷம்.

தணிகாசலம் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே சொன்னான், "கேக்கும், கேக்கும். அதுக்கு இருக்கிறது யானைப் பல்லு."

மல்லி குளிச்சாச்சு, வாளியும் காலி, கதையும் காலி. ம் சொல்லு.

சொல்ல மாட்டே. தூங்கிட்டே. தூங்கு.