சேந்தன் கொண்டுவந்த மூன்றாம் கட்டு

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! வேலும் வில்லும் ஊரைக் காத்த அந்தப் பழைய நாளில் கருங்கோட்டை என்று ஒரு கோட்டை இருந்தது. அடேயப்பா, என்ன காவல்! அகழியில் முதலை, வாசலில் யானை, மதிலில் வில்வீரர். ஈ எறும்பு நுழைய முடியாது.

ஆனால் சேந்தனின் வண்டி மட்டும் நிற்காமல் நுழையும். அவன் வில்நாண் வணிகன். கட்டின்மேல் அவனுடைய அரக்கு முத்திரை இருந்தால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தால் வணிகனைத் திருடன் என்று சொன்னதாகிவிடும். அந்த ஊர் வழக்கம் அப்படி.

அந்த வருஷம் பகையரசன் படை திரட்டினான். சேந்தன் மூன்று கட்டு நாணோடு வந்தான். ஆயுதச்சாலைக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த கோதை வண்டியை நிறுத்தினாள்.

"அண்ணே, முத்திரையை உடைக்கணும்."

சேந்தனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் தகப்பன் காலத்திலிருந்து கொடுக்கிறோம். என்னையா சந்தேகப்படுகிறாய்?" என்று ஊரே கூடும்படி கத்தினான்.

"உங்களை இல்லை அண்ணே. உங்களுக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறதோ, எனக்குத் தெரியாதே!"

முதல் கட்டிலிருந்து ஒரு நாணை உருவி, வில்லில் பூட்டி இழுத்தாள். தாங்கியது. இரண்டாம் கட்டிலிருந்து ஒன்றை இழுத்தாள். தாங்கியது. சேந்தன் கூட்டத்தைப் பார்த்து மீசையை முறுக்கினான். மூன்றாம் கட்டு நாண் பாதி இழுப்பிலேயே பட்டென்று அறுந்தது. அடுத்ததும் அறுந்தது. அதற்கடுத்ததும் அறுந்தது.

சேந்தன் சட்டென்று மதிலை அண்ணாந்து பார்த்தான். மதில்மேல் வில்லோடு நின்றவர்களில் அவன் மூத்த மகனும் ஒருவன் அல்லவா!

"துரோகி!" என்று தளபதி வாளை உருவினான்.

கோதை குறுக்கே நின்றாள். "இவர் தலையை வாங்கிவிட்டால் இது எங்கிருந்து வந்ததென்று யார் சொல்லுவார்? அண்ணே, திரித்தது யார்?"

"என் மச்சான் பூதன், தாயே. அவன் கட்டிக் கொடுத்ததை நான் பிரித்ததே இல்லை. முத்திரை மட்டும்தான் வைத்தேன்."

குதிரைகள் பூதன் வீட்டுக்குப் பறந்தன. பூதன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பாதிக் கூலிக்கு வந்த வெளியூரான் ஒருவனிடம் நார் ஊறவைக்கும் வேலையை விட்டிருந்தானாம். பகையரசனின் ஆளான அந்தப் பாவி நாரைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, சுண்ணாம்பு அதன் பலத்தைத் தின்ன விட்டுவிட்டு ஓடிப்போயிருந்தான். கோட்டை சேந்தனை நம்பியது, சேந்தன் பூதனை நம்பினான், பூதன் முன்பின் தெரியாதவனை நம்பினான். பகைவன் மதிலைத் தொடவே இல்லை, பாருங்கள்!

கோதை அந்த மூன்றாம் கட்டை எரித்தாள். வேறோர் ஊரில் வாங்கி வைத்திருந்த நாண்களை எடுத்து, அவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தே வீரர்களுக்குக் கொடுத்தாள்.

பகையரசன் வந்தான். நாணெல்லாம் அறுந்துவிடும் என்ற நினைப்பில் மதிலடிவரை சிரித்துக்கொண்டே வந்தான். மேலிருந்து அம்பு பொழிந்ததும் பிடித்தான் ஓட்டம்!

மறுநாள் சேந்தன் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கோதையிடம் வந்தான். அவன் கண்ணில் நீர் வழிந்தது.

"அவமானப்படுத்துகிறாய் என்று உன்னைத் திட்டினேன், தாயே. நீ மட்டும் உடைக்காமல் விட்டிருந்தால், என் பிள்ளையை நானே கொன்றிருப்பேன். இந்த நன்றியை எந்த வாயால் சொல்லுவேன்?" என்று கும்பிட்டான்.

ஆகவே மக்களே, நம்பிக்கையானவர் தந்த பொருளையும் சோதித்தே வாங்குங்கள். அந்தச் சோதனை வாங்கியவரோடு தந்தவரையும் சேர்த்துக் காக்கும்.