நாணயத்தைத் தட்டிவிட்ட நீள்முடி அரசன்

கதை கேட்க உட்கார்ந்தவர்களே, இன்றைக்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டும். மலை தாண்டி, பாலை தாண்டி, பனி கொட்டும் காடு தாண்டிப் போக வேண்டும். காலத்திலும் ஓர் ஆயிரத்து முந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். அப்படிப் போனால் பிராங்குகள் என்ற குடியினரின் நாடு வரும். அந்த நாட்டில் ராதுவின் என்றோர் அரசன் இருந்தான்.

பிராங்குகளின் அரச குலத்தில் பிறந்தவர்கள் தலைமுடியை வெட்டுவதில்லை. பிறந்த நாளிலிருந்து சாகும் நாள்வரை அதில் கத்தரி படக் கூடாது. முடி தோளில் புரண்டால் அவன் அரசன். வெட்டிவிட்டால் உங்களையும் என்னையும்போல ஓர் ஆள். கிரீடத்தைவிட முடிக்குத்தான் அங்கே மதிப்பு.

ராதுவினின் முன்னோர்கள் வாளெடுத்து ஆறுகளைக் கடந்தவர்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் அந்த நாட்டை அண்ணன் தம்பிகளுக்குள் ரொட்டியைப் பிய்ப்பதுபோலப் பங்கு போட்டார்கள். பங்கு போதவில்லை என்று சண்டை போட்டார்கள். சண்டைக்கு ஆள் சேர்க்க, கேட்டவருக்கெல்லாம் ஊர் ஊராகத் தானம் கொடுத்தார்கள். ராதுவினின் முறை வந்தபோது மிஞ்சியிருந்தவை ஒரு மர வீடு, அல்னா என்ற ஒரே ஊர், இடுப்புவரை தொங்கும் செம்பட்டை முடி.

ஆட்சியை யார் நடத்தினார்கள் என்கிறீர்களா? அரண்மனைத் தலைவன் ஓத்பெர்ட். ஒரு காலத்தில் அரசர் வீட்டுச் சமையலையும் கொட்டிலையும் மேற்பார்த்த பதவி அது. இப்போது படை ஓத்பெர்ட்டுடையது, களஞ்சியம் ஓத்பெர்ட்டுடையது, நாணயத்தில் அச்சடித்த பெயரும் ஓத்பெர்ட்டுடையது.

அரசனுக்கு மூன்றே வேலைகள். முடியை வளர்ப்பது ஒன்று. வருஷத்துக்கு ஒருமுறை, பனி உருகியதும், மாட்டு வண்டியில் ஏறி நாட்டுப் பெருங்கூட்டத்துக்குப் போவது இரண்டு. அங்கே ஓத்பெர்ட் கற்றுக்கொடுத்த வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு வருவது மூன்று.

மற்றவர்கள் குதிரையில் பறக்க, அரசன் மட்டும் ஏன் மாட்டு வண்டியில் போனான் தெரியுமா? அது பழைய வழக்கம். வண்டி மெதுவாகப் போகும். வழியில் யார் வேண்டுமானாலும் அதை நிறுத்தி அரசனிடம் குறை சொல்லலாம். வண்டியில் உட்கார்ந்திருக்கும் அரசனை யாரும் தொடக் கூடாது, தடுக்கவும் கூடாது.

வண்டி ஓட்டியவள் கிஸ்லா. அல்னாவின் பண்ணையடிமை. புருஷன் செத்த பிறகு அவன் பிடித்த தார்க்கோலை இவள் வாங்கிக்கொண்டாள். வாயும் அந்தக் கோலைப்போலத்தான், நுனியில் ஆணி வைத்தது.

முதல் வருஷம் ஒரு கிழவன் வண்டியை நிறுத்தி ஆற்றுப்பாலம் உடைந்துவிட்டது என்றான். அடுத்த வருஷம் ஒரு பெண் நிறுத்தி, மாவரைக்கும் ஆலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றாள். அதற்கடுத்த வருஷம் ஓர் ஊரே நிறுத்தியது. மூன்று முறையும் ராதுவின் கவனமாகக் கேட்டான், ஓத்பெர்ட்டிடம் போய்ச் சொன்னான். மூன்று முறையும் ஓத்பெர்ட் புன்னகை செய்தான். அத்துடன் சரி.

"ராஜா, நம்ம மாடு ரெண்டும் மூணு வருஷமா இதே குறையைக் கேட்டுட்டு வருது," என்றாள் கிஸ்லா ஒருநாள். "அதுங்களும் தலையாட்டத்தான் செய்யுது."

ராதுவின் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் அவனுக்குள் போய்த் தங்கிவிட்டது.

இந்த வருஷம் ஓத்பெர்ட் புதிதாக ஒரு வாக்கியம் கொண்டுவந்தான். "அல்னா ஊரை, வயலோடும் காட்டோடும் நீரோடும், அங்கே கட்டுண்ட மக்கள் யாவரோடும், அரண்மனைத் தலைவன் ஓத்பெர்ட்டுக்குக் கொடுத்தேன்." மூன்று தரம் சொல்லச் சொன்னான். ராதுவின் மூன்று தரமும் சரியாகச் சொன்னான். கட்டுண்ட மக்கள் என்றால் ஊரின் பண்ணையடிமைகள்.

பிறகு, அந்த மக்களை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான்.

ஓத்பெர்ட் மறைக்கவில்லை. மறைக்கும் அளவுக்கு அவன் அரசனை மதித்ததுமில்லை. தெற்கே துறைமுகத்தில் ஆள் வாங்கும் வணிகர்கள் வந்திருக்கிறார்கள், படைக்குக் குதிரை வேண்டும், ஆட்களை விற்றுக் குதிரை வாங்கப் போகிறேன் என்றான். "கவலை வேண்டாம் அரசே. காட்டைத் தவிர வேறெதையும் பார்த்திராத சனங்கள், கடலைப் பார்த்துவிட்டுப் போகட்டும்."

வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் அரசனுக்குச் சாகும்வரை ரொட்டி உண்டு, திராட்சை மது உண்டு, முடியும் உண்டு. ஒரு சொல் பிசகினாலும் கத்தரி தயார். மடாலயமொன்றில் அரச குலத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் முடி தோளைத் தொட்டுவிட்டது, அவன் நன்றாக மனப்பாடம் செய்வான். இவ்வளவையும் ஓத்பெர்ட் மிக மரியாதையாகச் சொன்னான்.

வண்டி கிளம்பியது. காவலுக்கு ஓத்பெர்ட்டின் குதிரைவீரர்கள் இரண்டு பேர். அவர்கள் கொஞ்சம் முன்னால் போன சமயம் பார்த்து, ராதுவின் கிஸ்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கோல் நின்றது. மாடுகளும் நின்றன.

"நாப்பத்தோரு பேரு," என்றாள். "என் தங்கச்சி புள்ளத்தாச்சி." பிறகு, "சொல்லமாட்டேன்னு சொல்லிட முடியாதா, ராஜா?" என்றாள்.

சொல்லலாம். ஆனால் அவன் சொல்லாததை அந்தச் சிறுவன் சொல்லுவான். கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வீரம் காட்டினால் முடி போகும், நாற்பத்தொரு பேரும் போவார்கள். பேசாமல் இருந்தால் முடியாவது மிஞ்சும். ராதுவின் இதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்த மக்கள் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

மத்தியானம் ஒரு நிலக்கிழார் வண்டியை நிறுத்தினார். கூடவே அவருடைய பழைய பண்ணையடிமை ஒருவன். காய்ச்சலில் தன்னைக் காப்பாற்றியவன், இவனை விடுதலை செய்கிறேன், அரசர் சாட்சியாக இருக்க வேண்டும் என்றார்.

அந்த நாட்டுச் சட்டம் இது. அடிமை உள்ளங்கையில் ஒரு நாணயத்தை ஏந்தி நிற்பான். எசமான் அதைத் தட்டிவிடுவார். நாணயம் மண்ணில் விழுந்த கணத்தில் அவன் விடுதலையானவன். அவன் பிள்ளைகளும் அப்படியே. திருப்பி எடுக்க யாராலும் முடியாது. ஆனால் அது அரசன் கண்முன்னால்தான் நடக்க வேண்டும். பிறவி பிராங்குகள் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். ஓத்பெர்ட் ஆயிரம் நாணயத்தைத் தட்டிவிட்டாலும், அங்கே முடி நீண்ட ஒருவன் இல்லையென்றால் அது செல்லாது.

நிலக்கிழார் தட்டினார். நாணயம் சேற்றில் விழுந்தது. அந்த ஆள் தன் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காவல் வீரர்கள் கொட்டாவி விட்டார்கள்.

ராதுவின் கொட்டாவி விடவில்லை. மூன்று வருஷமாகத் தலையாட்டியவனுக்கு, தன்னிடம் இன்னும் ஒரே ஒரு வேலை மிஞ்சியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. அற்பம் என்பதால் யாரும் பிடுங்காமல் விட்ட வேலை.

மறுநாள் காலை வண்டி அல்னா வழியாகப் போயிற்று. கூட்டம் நடக்கும் வெளி அங்கிருந்து அரைக் காத தூரம். கிஸ்லா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்ததால் ஊர் முழுவதும் பாதையில் நின்று வண்டியை நிறுத்தியது. அல்னா இன்னும் ராதுவினுடையதுதான்; அவர்களுக்கு எசமானும் அவனே, அரசனும் அவனே. அவர்களை வரிசையாக வரச் சொன்னான். பிறகுதான் தன்னிடம் ஒரு நாணயம்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

லூதோ என்ற காவல் வீரனைக் கூப்பிட்டு ஒன்று கேட்டான். லூதோவுக்கு ஒரே சிரிப்பு. அரசனுக்குக் கடன் கொடுத்தவன் என்று பேரன்களிடம் சொல்லிக்கொள்வேன் என்று சொல்லி, இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதில் இருந்தது ஓத்பெர்ட்டின் பெயர்.

முதலில் வந்தவள் கிஸ்லாவின் தங்கை. கையை நீட்டினாள். வண்டியில் உட்கார்ந்தபடியே ராதுவின் தட்டினான். நாணயம் பறந்து புல்லில் விழுந்தது. தேடி எடுத்து அடுத்த கையில் வைத்தார்கள். தட்டினான். ஒருமுறை சேற்றில், ஒருமுறை வாத்துக் குட்டையில், ஒருமுறை லூதோவின் குதிரைக்கு அடியில். மூப்பேறிக் கை நடுங்கிய ஒருவனின் நாணயம் தட்டுவதற்கு முன்பே விழுந்துவிட்டது. அவனுக்கு மறுபடி ஏந்தச் சொல்லி, பொறுத்திருந்து, முறையாகத் தட்டினான்.

பதினைந்தாவது ஆள்வரை வீரர்கள் சிரித்தார்கள். இருபதாவது ஆள் வந்தபோது அவர்களுக்கு விஷயம் புரிந்தது. வண்டியில் இருப்பவனைத் தொட முடியாது. கண்ணை மூடிக்கொள்ளலாமென்றால் ஏற்கெனவே பார்த்தாயிற்று. லூதோவின் கூட்டாளி குதிரையைத் தட்டிவிட்டு ஓத்பெர்ட்டிடம் பறந்தான். சாட்சி ஒன்று குறைகிறதே என்று ராதுவினின் கை ஒரு கணம் நின்றது. நேற்றைய நிலக்கிழார் அதே பாதையில் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பார்த்தார், குதிரையை விட்டு இறங்கினார், லூதோவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

நாற்பதாவது கை முடிந்தது. ராதுவினின் விரல்கள் வீங்கியிருந்தன. கடைசிக் கை கிஸ்லாவுடையது.

நாணயம் விழுந்ததும் அவள் கேட்டாள், "இனிமே இந்த வண்டியை நான் ஓட்டணும்னு கட்டாயமில்லையே?"

"இல்லை," என்றான் ராதுவின்.

"அந்தக் கூட்டத்துல உங்களுக்கு என்ன நடக்கும்னு தெரியுமா, ராஜா?"

"தெரியும்."

அவள் மறுபடி வண்டியில் ஏறினாள். பிறகு, "நல்லா உக்காந்துக்கங்க, பள்ளம் ஜாஸ்தி," என்று சொல்லிக் கோலை எடுத்தாள்.

கூட்டம் நடக்கும் வெளியில் பல்லாயிரம் பேர். ராதுவினை மேடையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். ஓத்பெர்ட்டுக்குச் செய்தி வந்து சேர்ந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்தாலும் முகம் புன்னகை செய்தது. ராதுவின் எழுந்தான். அல்னா ஊரை, வயலோடும் காட்டோடும் நீரோடும், அங்கே கட்டுண்ட மக்கள் யாவரோடும் கொடுத்தேன் என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னான். அத்தனை தெளிவாக அவன் எந்த வருஷமும் சொன்னதில்லை.

கட்டுண்டவர் என்று அங்கே ஒருவரும் இல்லை என்பது அதற்குள் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. சிரிப்பு மெல்லப் பரவியது.

ஓத்பெர்ட் கையை உயர்த்தினான். காலையில் நடந்தது விளையாட்டு, என்னைக் கேட்காமல் அரசர் செய்தது, ஆகவே அது செல்லாது என்றான்.

அப்போது ராதுவின் யாரும் கற்றுக்கொடுக்காத வாக்கியம் ஒன்றைச் சொன்னான். அவன் வாழ்நாளில் அந்த மேடையில் சொன்ன முதல் சொந்த வாக்கியம் அது.

"ஓத்பெர்ட், காலையில் தட்டிய கை அரசனின் கை இல்லையென்றால், இப்போது உனக்கு ஊரைக் கொடுக்கும் கையும் அரசனின் கை இல்லை. உன் தகப்பனுக்கும், இங்கே நிற்கும் பிரபுக்களின் தகப்பன்மாருக்கும் நிலம் கொடுத்த கைகளும் இதே கைதான்."

சிரிப்பு நின்றது. அங்கிருந்த ஒவ்வொரு பிரபுவின் நிலமும் ஏதோ ஒரு நீள்முடி அரசன் கையால் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் முதிய பிரபு ஒருவர் தொண்டையைச் செருமினார். "ரெண்டும் செல்லும், ஓத்பெர்ட். ஊர் உனக்கு. போய் ஏர் பிடிக்கப் பழகிக்கொள்." வீரர்கள் கேடயத்தைத் தட்டினார்கள். அந்த ஒலிதான் அங்கே தீர்ப்பு.

கற்றுக்கொடுக்காததைச் சொன்னதும் பிசகுதான்; சொன்னபடியே ஓத்பெர்ட் கத்தரியை எடுத்தான். ராதுவின் ஓடவில்லை, கெஞ்சவில்லை, வாள் கேட்கவில்லை. குனிந்து உட்கார்ந்தான். முப்பது வருஷத்து முடி கொத்துக் கொத்தாக மண்ணில் விழுந்தது. பிடரியில் காற்றுப் படுவது இப்படித்தான் இருக்குமா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த வருஷம் அந்தச் சிறுவன் வண்டியில் வந்தான். ஒன்றிரண்டு தலைமுறையில் வண்டியும் நின்றது. அரண்மனைத் தலைவர்களின் வம்சம் கிரீடத்தைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டது. வென்றவர்களுக்காக எழுதியவர்கள், அந்த நீள்முடி அரசர்கள் ஒன்றும் செய்யாதவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அல்னாவில் சிலர் ஊரைவிட்டுப் போனார்கள், பலர் இருந்தார்கள். இருந்தவர்களுக்கு விளைச்சலில் பாதியைக் கொடுத்துத்தான் ஓத்பெர்ட்டால் வயலை உழ முடிந்தது. துறைமுகத்துக்கு ஒருவரும் போகவில்லை.

ராதுவினை ஒரு மடாலயத்தில் சேர்த்தார்கள். முட்டைக்கோஸ் பாத்தி அவன் பொறுப்பு. பக்கத்துப் பாத்தியில் களையெடுத்த துறவி ஒருவர், நீங்கள் எத்தனை வருஷம் ஆண்டீர்கள் என்று கேட்டார். ராதுவின் நிமிர்ந்து, யோசித்து, உண்மையைச் சொன்னான்.

"ஒரு காலைப்பொழுது."

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்வது இதுதான்: தன் கையில் மிஞ்சியிருக்கும் அதிகாரம் எவ்வளவு சிறியதானாலும், தனக்கு வரும் நட்டத்தைப் பாராமல் அதைப் பிறருக்காகப் பயன்படுத்துகிறவனே உண்மையான அரசன்.