ஒரே கிணறு, இரண்டு விலை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சம்பந்தியம்மா. பெரியவள் கல்யாணம் முடிந்த அடுத்த ஆடியில், மாரியம்மன் கோயிலில் கூழ் கிண்டிக்கொண்டே சொன்னார். துடுப்பை நிறுத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நான்தான் சிரித்துச் சிரித்து, உரித்த வெங்காயத்தையெல்லாம் மண்ணில் கொட்டினேன்.

கொன்றையூரை ஆண்ட மகிபாலராயருக்கு, சாமி கும்பிட வருகிற வெளியூர்க்காரர்கள் தங்க ஒரு சத்திரம் கட்ட ஆசை. சன்னதித் தெருவில் வெள்ளையம்மாள் என்பவரின் வீடு விலைக்கு இருந்தது. அவருக்குப் புருஷன் இல்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த ஊரிலேயே சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போய்விட நினைத்தார். அங்கே வீட்டு விலை முந்நூறு வராகன். அதற்குக் குறைந்தால் மருமகன் வீட்டில்தான் ஒண்டவேண்டும். அந்த நிலைமை மட்டும் வேண்டாம் தாயே என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டு வந்தார்.

ராஜாவே வீடு பார்க்க வந்துவிட்டார். கூடவே அமைச்சர் பேரருளாளரும், அரசவையில் விகடம் பேசும் தாண்டவனும் வந்தார்கள்.

"என்ன விலையம்மா?" என்றார் ராஜா.

ராஜாவிடம் யார் விலை சொல்வார்கள்? "சாமி பார்த்துக் கொடுக்கிறதைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, மூன்று பேருக்கும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார் வெள்ளையம்மாள்.

ராஜாவுக்குச் சங்கடமாகிவிட்டது. குறைத்துக் கேட்டால் ஊர் சிரிக்கும். கூட்டிக் கொடுத்தால் அமைச்சர் ஒரு மாதம் முணுமுணுப்பார். தாண்டவனைத் தனியே கூப்பிட்டார்.

"நீ ஒரு விலை சொல்லு. குறைச்சல் என்று இந்த அம்மாள் சொல்லக்கூடாது. அதிகம் என்று அமைச்சர் சொல்லக்கூடாது. இரண்டில் ஒன்று நடந்தாலும் நாளையிலிருந்து நீ அரண்மனைக்கு வரவேண்டாம்."

"அமைச்சர் முதலில் பேசட்டும் மகாராஜா" என்றான் தாண்டவன்.

ராஜா கேட்டதும் அமைச்சர் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணீர் உப்பு" என்றார்.

வெள்ளையம்மாள் முகம் வாடிவிட்டது.

"தெற்குப் பார்த்த வாசல். யார் விரும்புவார்கள்? விடிவதற்கு முன்னால் கோயில் மணி. தூக்கமே கிடையாது. மத்தியானம் குரங்கு. நூறு வராகன் கொடுத்தாலே புண்ணியம்."

"இவ்வளவும் ஒரு தடவை பார்த்ததிலேயே தெரிந்துவிட்டதா?" என்றான் தாண்டவன்.

"ஒரு தடவையா? பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேனப்பா! எனக்குத் தெரியாததா?"

"அதுதானே! இவரைவிட யாருக்குத் தெரியும்? சுவர்கூட ஓதம் ஏறியிருக்கிறது மகாராஜா."

"ஆமாம், ஆமாம், ஓதம்" என்றார் அமைச்சர் சந்தோஷமாக.

வெள்ளையம்மாள் கோயில் கோபுரம் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாண்டவன் கொல்லைப் பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தான். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் அந்தக் கிணற்றின் மேலேதான் போகிறது. பாதிக் கிணறு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். திரும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மகாராஜா, குடும்பம் குடும்பமாக வருகிறவர்களுக்கு ஒரு வீடு போதாது. பக்கத்து வீட்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். அதே அளவு, அதே வாசல், அதே சுவர், அதே கிணறு. விலையும் அமைச்சர் வாயாலேயே வந்துவிட்டது. நூறு வராகன்."

"நல்ல யோசனை. இன்றைக்கே முடித்துவிடுவோம்" என்றார் ராஜா.

அமைச்சருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இரண்டு செம்பு குடித்தும் வறண்டுவிட்டது.

"மகாராஜா, அது... என் வீடு அப்படி இல்லை."

"வாசல் தெற்கு இல்லையா?" என்றார் ராஜா.

"தெற்குதான். ஆனால் தென்றல் நேராகக் கூடத்துக்கு வரும். ராத்திரி விசிறியே வேண்டாம்."

"கோயில் மணி?"

"அது பாக்கியம் அல்லவா? படுக்கையில் இருந்தபடியே முதல் பூஜைக்குக் கும்பிட்டுக்கொள்ளலாம்."

"குரங்கு?"

"ஆஞ்சநேயரே வீடு தேடி வருகிறார் என்றுதான் என் வீட்டுக்காரி வாழைப்பழம் வைக்கிறாள்."

"தண்ணீர் உப்பு என்றீர்களே?"

அமைச்சர் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துக்கொண்டார். "காலையில் நார்த்தங்காய் ஊறுகாய் சாப்பிட்டேன் மகாராஜா. உப்பு என் வாயில் இருந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி."

"ஓதம்?" என்றான் தாண்டவன்.

"ஏது ஓதம்? தொட்டுப் பார்! எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கிறது!"

"அப்படியானால் விலை என்னதான் பெறும்?" என்றார் ராஜா.

"அறுநூறு வராகனுக்கு ஒரு காசு குறைந்தாலும் அநியாயம்!"

தாண்டவன் கும்பிட்டான். "விலை வந்துவிட்டது மகாராஜா. அந்த அம்மாளுக்கு அறுநூறு கொடுங்கள். இவ்வளவு அருமையான வீட்டை அமைச்சரிடமிருந்து பிடுங்குவது பாவம். சத்திரத்துக்கு ஒரு வீடே போதும்."

"அவ்வளவு எதுக்கு சாமி?" என்றார் வெள்ளையம்மாள் பதறிப்போய். "அதிகமுங்க."

"நீங்கள் அதிகம் என்று சொல்லலாம் அம்மா" என்றான் தாண்டவன். "அமைச்சர்தான் சொல்லக்கூடாது."

எல்லோரும் அமைச்சரைப் பார்த்தார்கள். அவர் இன்னொரு செம்புத் தண்ணீர் கேட்டார்.

ராஜா சிரித்த சிரிப்பில் முற்றத்துக் குரங்கு வேலி தாண்டி ஓடிப்போனதாம். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"நான் வீடு விற்கிற அன்றைக்கு அமைச்சரை ஒரு நாள் இரவல் கொடுங்கள் மகாராஜா. விலை ஏற்றிவிட இவரைப் போல ஆள் கிடைக்காது."

இவ்வளவுதான் கதை. நீங்களும் ஒரு நாள் வீடு பார்க்கப் போவீர்கள். விலையை எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் கொடுக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.