ஓதுவாரின் பொடி டப்பி

உமையாள் அம்மையின் மடத்தில் தேவாரம் பாடியவர் பொன்னம்பல ஓதுவார். அம்மையைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அம்மையிடம்தான் தீட்சை வாங்கியிருந்தார். அருமையான சாரீரம். அதைக் கெடுத்தது மூக்குப்பொடி. கொஞ்ச காலமாக மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது.

மார்கழித் திருவாதிரை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் குரல் உடைந்தால் இனி வேறு ஆள் பாடட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஓதுவார் வைராக்கியத்துக்குப் பேர்போனவர். அமாவாசைதோறும் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, பொடியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்வார். டப்பியைக் குளத்தில் வீசுவார். பொழுது சாய்வதற்குள் கை வெறும் மடியைத் துழாவித் துழாவி, கால் கடைவீதிக்குப் போய்விடும். குளத்து மீனெல்லாம் தும்முகிறது என்று ஊரில் கேலி பேசினார்கள்.

ஒரு காலையில் அம்மை முன் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"மறுபடியும் சத்தியம் தவறிட்டேன் அம்மா. வீட்டை விட்டேன், சொத்தை விட்டேன். ஒரு சிட்டிகைப் பொடியை ஏன் விட முடியலை?"

"சத்தியம் பண்ணினது எது?"

"வாய்தான்."

"பொடி எடுக்கிறது?"

ஓதுவார் யோசித்தார். யோசிக்கும்போதே கை மடியிலிருந்து டப்பியை எடுத்துவிட்டது.

"அந்தக் கையை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் அம்மை. "பாவம், கற்பூரச் சூடு மட்டும் அதுக்கு."

டப்பியை வாங்கிப் பொடியைக் கொட்டினார். கழுவிக் காயவைத்து, அதிமதுரத் தூளை நிரப்பினார். பாடுகிறவர்கள் தொண்டைக்காக வாயில் போட்டுக்கொள்வது அது.

"டப்பியை எறிஞ்சிட வேண்டாமா அம்மா?"

"எறிஞ்சா கை எங்கே போகும்? மடியிலேயே இருக்கட்டும்."

முதல் நாளே ஓதுவார் அதிமதுரத்தை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பூஜை நடுவே தும்மித் தீர்த்தார். மடமே சிரித்தது. அவருக்கு மானம் போன மாதிரி இருந்தது.

"இது சரிப்படாது அம்மா. பழையபடி சத்தியமே பண்ணிடறேன்."

"மூக்குக்கும் வாய்க்கும் என்ன தூரம்? வந்துடும்."

வந்தது. முதலில் கை மூக்குக்குப் போய்த் திரும்பியது. பிறகு மூக்கை மறந்து நேரே வாய்க்கு வந்தது.

திருவாதிரை விடியலில் சந்நிதி நிறைந்திருந்தது. பாடத் தொடங்குமுன் ஓதுவாரின் கை தானாக மடிக்குப் போய் நாக்குக்கு வந்தது. பாடினார். மேல் ஸ்தாயியில் குரல் அசையாமல் நின்றது. மீன் தும்முகிறது என்றவர்களும் கைகூப்பி நின்றார்கள்.

பாடி முடித்ததும் ஒரு கற்பூரக் கட்டியோடு அம்மையிடம் விரைந்து வந்தார். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

"இப்போ சத்தியம் பண்றேன் அம்மா. இந்த ஜென்மத்திலே இனிமே..."

"கற்பூரத்தைச் சாமிக்கு ஏத்துங்க" என்றார் அம்மை. "கைக்குத் தெரிஞ்சதை வாய் எதுக்குச் சொல்லணும்?"