முதுகுக்குப் பின்னால் நிற்பவன்

“கோச், இந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஆட்டத்துல இறக்காம உட்கார வச்சிடுங்க,” என்றான் அமோஸ்.

பயிற்சியாளர் வார்டெக் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“முழங்காலா?”

“இல்லை.”

“பின்னே?”

“திரும்பிப் பாக்கறேன். பாக்காம இருக்க முடியலை.”

அமெரிக்கக் கால்பந்தில் அமோஸ் கிட்ரெலுக்கு ஒரே வேலை. வரிசையின் இடது ஓரத்தில் நிற்பான். அவன் முதுகுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, பந்தை எறிகிறவன் நிற்பான். குவார்ட்டர்பேக் என்பார்கள். அவனை வீழ்த்த எதிரணி பாய்ந்து வரும். பந்து அவன் கையை விட்டுப் போகும் வரை, பாய்கிறவனை அமோஸ் மறிக்க வேண்டும்.

பந்தை அமோஸ் தொடுவதில்லை. அது எங்கே போனது என்று பார்ப்பதும் இல்லை. கூட்டத்தின் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வான்.

கல்லூரி முடித்தபோது அவனை எந்த அணியும் எடுக்கவில்லை. அலைந்து திரிந்து ஓர் அணியில் நுழைந்தான். கழற்றிவிட்டார்கள். அடுத்த அணியிலும் அதே கதை. குளிர் மிகுந்த இந்த ஏரிக்கரை நகரத்தில்தான் நிலைத்தான். பத்து வருஷமாக இடது ஓரம் அவனுடையது.

அவன் பெயரை வர்ணனையாளர்கள் சொல்வதில்லை. மறிக்கத் தவறியவன் பெயரைத்தான் அவர்கள் சொல்வார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் சொன்னார்கள்.

ஒருவன் அமோஸின் கைக்கு அடியில் நழுவிப் போய்விட்டான். குவார்ட்டர்பேக் கோல்பியின் காறை எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் அமோஸுக்குக் கேட்டது.

அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பயிற்சியில் ஒவ்வொரு முறையும் கழுத்து தானாகத் திரும்பியது. திரும்பிய நொடியில் எதிரே இருப்பவன் கடந்து போனான்.

இந்த ஞாயிறு கோல்பி மறுபடி ஆட வருகிறான்.

“உன் வயசுல உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. தெரியுமில்ல?” என்றார் வார்டெக். அமோஸை விட அவர் ஒரு வயது இளையவர். கழுத்தில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவர்.

“தெரியும், கோச்.”

வார்டெக் எழுந்து போய் ஒரு சிவப்புச் சட்டையைக் கொண்டுவந்தார். பயிற்சியில் குவார்ட்டர்பேக் போடுவது. அதைப் போட்டவனை யாரும் இடிக்கக் கூடாது.

“போட்டுக்கோ.”

சட்டை அவன் வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது. மைதானத்தில் இருந்த அணிப் பையன்கள் சிரித்தார்கள்.

“கோல்பி நிக்கற இடத்துல நில்லு. அதோ, அந்தக் கோடியில ஓடறவனுக்கு எறி.”

பந்து கைக்கு வந்தது. இடது பக்கம் காலடிகள் அதிர்ந்தன. அமோஸ் அந்தப் பக்கம் பார்த்தான். பந்து நழுவி விழுந்தது.

“மறுபடி.”

மறுபடியும் இடப்பக்கம் பார்த்தான். மறுபடியும். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“உன்னை இடிக்க மாட்டாங்கன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் பாக்கறே?”

 கண்ணில் இறங்கிய வியர்வையை அமோஸ் துடைத்தான்.

“அவன் எப்படிப் பாக்காம நிக்கறான், கோச்?”

“என்னை ஏன் கேக்கறே?” என்றார் வார்டெக்.

கோல்பி சிகிச்சை அறையில் இருந்தான். தோளில் ஐஸ் மூட்டை. இரண்டு மாதமாக அந்த வாசலைக் கண்டாலே அமோஸ் வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தான்.

“அன்னிக்கு உன்னை இடிச்சவன் வர்றதை எப்போ பாத்தே?” என்று கேட்டான் அமோஸ்.

“பாக்கலையே.”

“சத்தம்?”

“கேட்டுச்சு.”

“கேட்டுமா திரும்பலை?”

கோல்பி குழம்பிப் போய் அவனைப் பார்த்தான்.

“அந்தப் பக்கம் நீங்க இருந்தீங்களே.”

அமோஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஞாயித்துக்கிழமை?” என்று கேட்டான். 

“ஞாயித்துக்கிழமை என்ன?”

“திரும்பிப் பாப்பியா?”

“அங்க பாத்துட்டிருந்தா எங்க எறியறது, அமோஸ்?”

ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊர் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் இடது ஓரத்தில் அமோஸ்தான் நின்றான். முதல் பாதியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். எதிராளி அவனைச் சுற்றிக்கொண்டு போய் கோல்பியைத் தரையில் சாய்த்தான். அரங்கம் அடங்கியது.

அமோஸ் ஓரக்கோட்டைப் பார்த்தான். வார்டெக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவனை வெளியே கூப்பிடவில்லை.

கோல்பி தோளைப் பிடித்தபடி எழுந்தான். அமோஸிடம் வந்தான். அடுத்து என்ன ஆடப்போகிறோம் என்பதை மட்டும் சொன்னான். தன் இடத்துக்குப் போய், தூரத்தைப் பார்த்து நின்றான்.

கடைசி நிமிடம். நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒருவன் பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி.

எதிராளி பாய்ந்தான். அமோஸின் முழங்கால் மடங்கியது, நிமிர்ந்தது. பின்னால் என்ன நடக்கிறது? கோல்பி நிற்கிறானா? விழுந்துவிட்டானா? கழுத்து நரம்பு இழுத்தது.

எதிரே இருந்தவன் அமோஸின் தோளுக்கு மேலே, கோல்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அமோஸ் அந்தக் கண்களைப் பார்த்தான். தள்ளினான். மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. தள்ளினான்.

திடீரென்று அந்தக் கண்கள் வானத்துக்கு உயர்ந்தன. இருவர் தலைக்கும் மேலே எதையோ தொடர்ந்து போயின.

எதிராளியின் கைகள் தளர்ந்தன.

பிறகு அரங்கம் அதிர்ந்தது.

கோல்பி ஓடிவந்து அவன் மேல் விழுந்தான்.

“பாத்தீங்களா அமோஸ்? பாத்தீங்களா?”

“இல்லை,” என்றான் அமோஸ்.