சுவாமிகளின் கடைவாய்ப் பல்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கே அகண்டாகார சுவாமிகள் என்பவர் உபநிடதம் சொல்லிக்கொடுத்துவந்தார். பிச்சாண்டி, சிவக்கொழுந்து, திருமேனி என்று மூன்று சீடர்கள். குரு சொல்லும் ஒரு வார்த்தையைக்கூட இவர்கள் வீணாக்க மாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அன்றைக்குப் பாடம் பிரம்மம்.

"பிரம்மத்தை இன்னதென்று சொல்ல முடியாது. இதுவல்ல, இதுவல்ல என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் போன பிறகு எது மிஞ்சுகிறதோ, அதுதான் அது."

சொல்லி முடித்ததும் சுவாமிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. வாயில் மிச்சமிருந்ததே ஏழெட்டுப் பற்கள்தான். மறுநாளோ மிராசுதார் வீட்டுக் கல்யாணம். சுவாமிகள் உலகத்தைத் துறந்தவரே தவிர, முறுக்கைத் துறந்தவரல்ல.

"இந்த ஒத்தப் பல்லப் பிடுங்கி எறிங்கடா. மத்த பல்ல வச்சாவது நாளைக்கு முறுக்குக் கடிச்சுக்கிடுதேன்" என்று கெஞ்சினார்.

திருமேனி கொல்லன் பட்டறைக்கு ஓடிப் போய்க் குறடு வாங்கிவந்தான். பிச்சாண்டி அதைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"எந்தப் பல்லு சாமி?"

"இதுதான்டா!" சுவாமிகள் விரலை வைத்தே காட்டினார்.

சீடர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எடுத்த எடுப்புலயே இதுதான்னு சொல்லுதாரே" என்றான் சிவக்கொழுந்து கவலையோடு. "சாஸ்திரத்துக்கு ஒத்துவருமா வே?"

"எப்படி வரும்? மொதல்ல மத்ததெல்லாம் போகணும்லா?" என்றான் பிச்சாண்டி.

"வலியில சாமிக்குப் பாடம் மறந்துபோச்சு. நாமதான் காப்பாத்தணும்" என்று முடிவு சொன்னான் திருமேனி.

சிவக்கொழுந்தும் திருமேனியும் சுவாமிகளை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொள்ள, பிச்சாண்டி முன்பல்லில் குறட்டை வைத்தான்.

"இது இல்லடா!" என்று அலறினார் சுவாமிகள்.

"ஆகா, ஞாபகம் வந்துட்டு!" மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. பல் கையோடு வந்தது.

"ஐயோ, இதுவும் இல்லடா!"

அதுவும் வந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் சுவாமிகள் தெளிவாகத்தான் சொன்னார். போகப் போக வார்த்தையைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது. பாவம், எனக்கே சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் இவ்வளவு சிரத்தையான சீடர்களை நான் வேறெந்த மடத்திலும் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரே ஒரு பல் நின்றது. பிச்சாண்டி அதைக் குறட்டால் மெல்லத் தட்டினான். சுவாமிகள் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

"இதுதான்! மிஞ்சினது இதுதான்!" மூவரும் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள்.

"அதையும் பிடுங்கித் தொலைங்கடா" என்று சுவாமிகள் குழறினார்.

"பிரம்மத்தைப் பிடுங்குறதா? அபசாரம், அபசாரம்!" சிவக்கொழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் கல்யாண வீட்டில் ஆளில்லை. ஊரே மடத்து வாசலில் வரிசையாக நின்றது. பல்லுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாயிற்று. திருமேனி கற்பூரத் தட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். தாடை இற்றுப்போய் சுவாமிகள் மெல்ல வாயை மூடப் பார்த்தார்.

பிச்சாண்டி பணிவோடு மோவாயைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

"நடை சாத்த இன்னும் நேரம் இருக்கு சாமி. மாப்பிள்ளையும் பொண்ணும் இப்பத்தான் வரிசையில வந்து நிக்காங்க."