அடிபட்ட வைரம்

செம்பாறைக் காட்டில், வறண்ட ஓடை மணலில் மயிலுக்கு ஒரு கல் கிடைத்தது. நெல்லிக்காய் அளவு இருக்கும். வெயிலில் காட்டினால் ஏழு நிறமும் தெறித்தது.

"வைரம்! இனி என் கழுத்துக்கு இதுதான் அணி!" என்று மயில் ஆடியது.

மைனாவுக்குப் பொறுக்கவில்லை. "வைரமாவது! வெறும் கண்ணாடி!" என்றது.

வழக்கு குரங்கிடம் போனது. காட்டில் தீர்ப்புச் சொல்வது அதுதான். ஆனால் அது வைரத்தைக் கண்ணால் கண்டதில்லை.

"உலகத்திலேயே கடினமானது வைரம். அடித்தால் உடையாது. உடைந்தால் கண்ணாடி. அவ்வளவுதான்!" என்றது குரங்கு.

"ஐயோ, வேண்டாம் அண்ணே!" என்று மயில் பதறியது.

அதற்குள் குரங்கு ஒரு குண்டுக்கல்லைத் தூக்கி ஓங்கி அடித்துவிட்டது. மயிலின் கல் சில்லுச் சில்லாகச் சிதறியது.

"பார்த்தீர்களா? கண்ணாடி!" என்று மைனா கத்தியது. எல்லா விலங்குகளும் சிரித்தன. மயில் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டது.

கூட்டம் கலைந்தது. உடம்பெல்லாம் செதிலாக இருக்கும் அழுங்கு மட்டும் அங்கேயே நின்றது. ஒரு சில்லை எடுத்துப் படிகக்கல்லில் இழுத்தது. ஆழமாகக் கோடு விழுந்தது. வழிப்போக்கர் போட்டுப்போன புட்டிச் சில்லாலும் இழுத்துப் பார்த்தது. கண்ணாடிதான் தேய்ந்தது, படிகக்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அழுங்கு குரங்கிடம் ஓடியது. "அண்ணே, அது வைரமேதான்! வைரத்தை வேறு எதனாலும் கீற முடியாது. ஆனால் ஓங்கி அடித்தால் உடையும். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு!"

குரங்கு வந்து, படிகக்கல்லில் விழுந்த கோட்டைத் தடவிப் பார்த்தது. அதன் முகம் சுருங்கியது.

இருவரும் மயிலிடம் போனார்கள். "தப்பு என்னுடையது. உன் கல்லை நானே கெடுத்துவிட்டேன்" என்றது குரங்கு.

மயில் புதரிலிருந்து தலையை நீட்டியது. பிறகு, "இனி அதைக் கழுத்தில் கட்ட முடியுமா?" என்று கேட்டது.

"முடியாது. ஆனால் பாறையைத் துளைக்கலாம்" என்றது அழுங்கு.

அந்தக் கோடையில் சரிந்த பாறை ஒன்று காட்டின் ஒரே சுனையை மூடியிருந்தது. அடியில் நீர் ஓடும் சத்தம் கேட்கும்; குடிக்க முடியாது. தாகத்தில் இரண்டு மான்குட்டிகள் செத்துவிட்டன.

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது மயில்.

மூங்கில் நுனியில் அரக்கை வைத்துச் சில்லுகளைப் பதித்தார்கள். குரங்குகள் முறைவைத்து மூங்கிலைக் கடைந்தன. ஒன்பதாம் நாள் பாறையில் விரல்கடை அளவு துளை விழுந்தது. தண்ணீர் பீச்சியடித்தது! மான்கள் முண்டியடித்துக் குடித்தன.

மயிலும் வந்து குடித்தது. அதன் கழுத்து வெறுமையாகவே இருந்தது. குரங்கால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஒரு பொருளின் தன்மையை அறியாதவர் அதைச் சோதிக்கப் புகுந்தால், அந்தச் சோதனையே அதற்கு எமனாகிவிடும்.